எல்டர் பால்துரையும் யூனிஸ் ஆன்ட்டியின் சாட்சியும்

பத்தொன்பது வயதில் ஐசக்குக்கு மூப்பர் பட்டம் கிடைத்தது. வெள்ளைச் சட்டைப் பாக்கெட்டில் கறுப்பு பேட்ஜ். அதில் 'எல்டர் பால்துரை', அதாவது மூப்பர் பால்துரை. பால்துரை என்பது அவன் அப்பா பெயர். டெக்ஸாஸில் ரிச்சர்ட்சன் ஊரில் டெலிபோன் கம்பெனி இன்ஜினியராக இருந்த அந்த அசல் பால்துரை, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியத்தில் ஒரு கமிட்டி மெம்பராவது ஆகிவிட வேண்டுமென்று வருஷக்கணக்காக நாற்காலி எடுத்துப் போட்டும் ஆக முடியாதவர். தன் பெயருக்கு முன்னால் மூப்பர் என்று ஒட்டிக்கொண்டு, அதுவும் மார்மன் சபைக்கு ஆள் சேர்க்க, மகன் நியூ ஜெர்சியில் சைக்கிள் மிதிக்கிறான் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. "கணக்குல பி வாங்கினப்பவே சந்தேகப்பட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

ஐசக் அந்தச் சபையில் சேர்ந்ததற்குப் பெரிய தத்துவக் காரணம் எதுவும் இல்லை. பள்ளிக்கூட மார்மன் நண்பன் வீட்டில் திங்கட்கிழமைதோறும் அப்பா அம்மா பிள்ளைகள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள், பாப்கார்ன் தின்றார்கள். ஒரு சாயங்காலம் முழுக்க ஒருத்தரும் அவனிடம் மார்க் கேட்கவில்லை. பரலோகம் இப்படித்தான் இருக்கும் என்று அவன் அங்கேயே முடிவு செய்துவிட்டான்.

எண்பத்தேழாம் வருஷம் அக்டோபர் கடைசியில் அவனை பிளெய்ன்ஸ்பரோவுக்கு மாற்றினார்கள். மிஷன் தலைவர் முன்பு இன்ஷூரன்ஸ் விற்றவர். "அங்கே அபார்ட்மென்ட் முழுக்க இந்தியர்கள். உன் ஜனங்கள்" என்று தோளில் தட்டினார். கூட்டாளியாகக் கிடைத்தவன் எல்டர் ஜென்சன், ஐடஹோவில் உருளைக்கிழங்குப் பண்ணைக்காரர் மகன். ஆறடி உயரம், அதற்கேற்ற நம்பிக்கை. இருவரும் ஒருவரை ஒருவர் விட்டு விலகக் கூடாது என்பது சட்டம். குளியலறைக்கு மட்டும் விலக்கு.

திங்கள் துணி துவைப்பதில் போயிற்று. செவ்வாய்க்கிழமை கதவு தட்டினார்கள். அமெரிக்கக்காரன் என்றால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவான், அடுத்த வீட்டுக்குப் போகலாம். ஐசக்கின் ஜனங்கள் ஒருவரும் சாத்தவில்லை. மருந்துக் கம்பெனி பத்மநாபன் உள்ளே கூப்பிட்டு முறுக்கு கொடுத்து, நியூயார்க் பக்கம் மலையில் மார்மன் வேதம் பொறித்த தங்கத் தகடு கிடைத்த கதையைக் கடைசிவரை கேட்டார்.

"தங்கம்னா எத்தனை காரட்?"

"Not sure, uncle."

"பரவாயில்லை. எல்லாம் ஒண்ணுதான். அடுத்த வாரம் வாங்கோ. அது சரி, காலேஜ் எப்போ போகப்போறே?"

அவர் மனைவி பர்வதம் நீட்டிய காபியை, சபையில் விலக்கு என்று இருவரும் வேண்டாமென்றபோதுதான் அந்த வீட்டில் முதன்முறையாக மதவேற்றுமை உண்டாயிற்று. வெளியே வந்ததும் ஜென்சன், "ரொம்ப ஆர்வமாக இருக்கிறார், அடுத்த வாரமே வரச்சொல்கிறார்" என்று பூரித்தான். தமிழில் அடுத்த வாரம் என்றால் என்ன அர்த்தம் என்று ஐசக் சொல்லவில்லை. புதன்கிழமை மழை. ஐசக்கின் சைக்கிள் செயின் கழன்று, ஒரு பேன்ட் கிரீஸில் போயிற்று.

வியாழக்கிழமை தட்டிய கதவு யூனிஸ் ஆன்ட்டியுடையது. ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட் நர்ஸ். அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார். பேட்ஜைப் படித்துவிட்டு, "பால்துரைங்கிறது யாரு?" என்று கேட்டார்.

"அப்பா பேரு, ஆன்ட்டி."

"அப்பா பேரைச் சட்டையில குத்திக்கிட்டா தெருத் தெருவா அலையுத? எந்த ஊரு?"

"நாசரேத் பக்கம். I was eight when we came."

"தாத்தா என்ன பண்ணுனாரு?"

"சர்ச்ல... உபதேசியார்னு அம்மா சொல்லுவாங்க."

யூனிஸ் ஆன்ட்டி கதவைப் பிடித்துக்கொண்டார். "உபதேசியார் பேரனுக்கா இந்த வேஷம்? உள்ள வா. அந்த நெட்டைப் பிள்ளையையும் கூட்டிட்டு வா."

உள்ளே அவர் கணவர் சாந்தகுமார் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். பையன்களுக்கு மீன் குழம்பும் சோறும் வந்தன. சாப்பிட்டு முடித்ததும் ஆன்ட்டி முழங்கால் போட்டார். வேறு வழியில்லாமல் ஐசக்கும் போட்டான். ஜெபம் என்றால் ஜென்சனுக்குச் சொல்லவே வேண்டாம், தடாலென்று விழுந்தான்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளையைப் பிடிச்சிருக்கிற வஞ்சக ஆவியை இப்பவே கட்டும்."

"ஆமென்" என்றான் ஜென்சன்.

"இவனுக்குத் தப்பு வழி காட்டுறவன் வாயை அடைச்சுப்போடும்."

"ஆமென்."

"பக்கத்துல கிடக்க இந்த வெள்ளைக்காரப் பிள்ளையையும் விட்டுராதேயும். இதுவும் யாரோ பெத்த பிள்ளைதான்."

"ஆமென், ஆமென்."

ஐசக் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவுக்கு வந்தபோது ஜென்சனின் கண்கள் நனைந்திருந்தன. என்ன சொன்னார்கள் என்று கேட்டான். நமக்காக ஜெபித்தார்கள் என்றான் ஐசக். அதில் பொய் எதுவும் இல்லை. கிளம்பும்போது ஜென்சன் ஞாயிறு ஆராதனைக்கு அழைத்திருந்தான். ஆன்ட்டியும் வருகிறேன் என்று உடனே ஒப்புக்கொண்டிருந்தார். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதுதான் ஐசக்குக்குச் சந்தேகமாக இருந்தது.

அது மாதத்தின் முதல் ஞாயிறு. அந்தச் சபையில் அன்றைக்கு உபவாசம். யார் வேண்டுமானாலும் மேடையேறிச் சாட்சி சொல்லலாம். ஒருவர் தன் வீட்டுக் கூரை ஒழுகாததற்கு நன்றி சொன்னார். ஒரு அம்மாள் தொலைந்த கார் சாவி கிடைத்ததற்கு அழுதாள். அடுத்து, பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட யூனிஸ் ஆன்ட்டி மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனா ஆண்டவர் எங்கிட்ட தமிழ்லதான் பேசுதாரு."

வார நாட்களில் பல் டாக்டராக இருந்த பிஷப், மொழிபெயர்க்கும்படி ஐசக்குக்கு ஜாடை காட்டினார். அவன் பக்கத்தில் போய் நின்றான். முந்தின இரவிலிருந்து காலியான வயிறு அவனுக்கு மட்டும் கேட்கும்படி இரைந்தது.

"நீங்க எல்லாரும் ரொம்ப நல்ல ஜனங்க. சுத்தமா உடுத்தியிருக்கீங்க."

மொழிபெயர்த்தான். சபை புன்னகைத்தது.

"ஆனா போற வழி தப்பு."

"வழி மிகவும் நீளமானது என்கிறார்" என்றான் இங்கிலீஷில்.

ஆன்ட்டி திரும்பினார். "Long இல்ல தம்பி. Wrong. சரியா சொல்லு." மைக் அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டது. மண்டபத்தில் குழந்தைகள்கூட அடங்கின. ஐசக்கின் காதுமடல் கொதித்தது. அதன் பிறகு வந்ததையெல்லாம் வந்தபடியே சொன்னான்.

"உபதேசியார் பேரனை நீங்க கூட்டிட்டு வந்துட்டீங்க. இவன் அப்பா அங்க சாப்பிடாம கிடக்காரு. இந்தப் பிள்ளை வீட்டுக்குப் போற வரைக்கும் நான் ஜெபத்தை விடமாட்டேன்."

அப்பா சாப்பிடாமல் கிடக்கிறார் என்பது ஐசக்குக்குப் புதுச் செய்தி. அந்த இடத்தில் அவன் குரல் உடைந்தது. சபையில் பாதித் தாய்மாரின் பிள்ளைகள் கொரியாவிலும் பெருவிலும் இதேபோல் கதவு தட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை, வீடு, ஜெபம் என்ற மூன்று வார்த்தைகளுக்கு மேல் அவர்கள் காதில் எதுவும் ஏறவில்லை. டிஷ்யூ டப்பா பெஞ்சு பெஞ்சாகப் போயிற்று. கூட்டம் முடிந்ததும் வரிசையில் வந்து ஆன்ட்டியைக் கட்டிக்கொண்டார்கள். இவ்வளவு உருக்கமான சாட்சியைக் கேட்டு வெகுகாலமாயிற்று என்றார் பிஷப். சண்டைக்கென்று வந்த யூனிஸ் ஆன்ட்டி, முன்பின் தெரியாத ஒருத்தியின் தோளில் முகம் புதைந்து, கையில் யாரோ திணித்த வாழைப்பழ ரொட்டியோடு திணறிக்கொண்டு நின்றார்.

வாசலில் ஐசக் மெதுவாகக் கேட்டான். "ஆன்ட்டி, அப்பா really சாப்பிடலையா?"

"நம்பர் விசாரிச்சு வெள்ளிக்கிழமை ஃபோன் போட்டேன். அப்ப சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்தாரு" என்றார் ஆன்ட்டி. "உன் பேரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் மெல்லுற சத்தம் கேக்கல."

ஐசக் கோட்டைச் சரிசெய்துகொண்டான்.

அதன் பிறகு வியாழன்தோறும் யூனிஸ் ஆன்ட்டி வீட்டில் விருந்து. பையன்கள் அவருக்குப் பாடம் நடத்தினார்கள். அவர் அவர்களுக்காக முழங்கால் போட்டார். குடும்பம் ஞானஸ்நானத்துக்கு மிக அருகில் வந்துவிட்டது என்று ஜென்சன் மிஷன் தலைவருக்கு ஃபோனில் சொன்னான். ரெண்டு பிள்ளைகளும் கிட்டத்தட்ட வந்தாச்சு என்று ஆன்ட்டி தமிழ் ஜெபக்கூட்டத்தில் சொன்னார். இரண்டு இடத்திலும் கைதட்டல் கிடைத்தது. சாந்தகுமார் மட்டும் எதிலும் கலந்துகொள்ளாமல் தட்டோடு உட்கார்ந்திருந்தார். நைட் ஷிப்ட் முடித்து வரும் மனைவி அவருக்கென்று மீன் குழம்பு வைத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. வழக்கமாக ஜெபம் செய்யாத அந்த மனிதர், இரண்டு கட்சியில் எதுவும் ஜெயித்துவிடக் கூடாது என்று உள்ளுக்குள் உருக்கமாக வேண்டிக்கொண்டு, இன்னொரு துண்டு மீனை எடுத்து வைத்துக்கொண்டார்.