எல்லாம் தெரிந்தும் இளநீர் குடித்தவர்

ஜெயசீலன் சார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் அவரைக்காய் வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். அப்படிக் கொட்டச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். கம்பத்திலிருந்து எங்கள் பழைய தலைமையாசிரியை பேசினார். "டீச்சர், சாரு நேத்து ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காக. போன எடத்துல இளநீர் குடிச்சிருக்காக. விடியக்காலம் நெஞ்சு நின்னு போச்சாம்."

"இளநீரா? அந்த மனுஷனுக்குப் புத்தி எங்க போச்சு?" என்று கத்தினேன். சாவுச் செய்திக்குச் சொல்லுகிற பதிலா அது? ஆனால் சிறுநீரகம் செத்துப்போன ஒருவருக்கு இளநீரில் இருக்கிற பொட்டாசியம் எமன் என்று ஊருக்கே சொல்லித் திரிந்தவர் அவர். அவரோடு பழகியவர்களுக்கு என் ஆத்திரம் புரியும்.

அவர் உயிரியல், நான் தமிழ். ஒரே பள்ளி, ஒரே ஆசிரியர் அறை, அடுத்தடுத்த நாற்காலி. என் தண்ணீர் டம்ளரில் கேட்காமல் கொள்ளாமல் உலர்ந்த திராட்சையைப் போட்டுவிட்டு, சாயங்காலம் எடுத்துக் காட்டுவார். "பாருங்க டீச்சர், எப்படி உப்பிருக்கு! உள்ள சர்க்கரை கூட, தண்ணி கம்மி. வெளிய தண்ணி கூட. அதான் உள்ள போகுது. யாரும் தள்ளல." 'அப்போ நான் எதைக் குடிப்பது?' என்று கேட்டால் அந்தத் திராட்சையைத் தின்னச் சொல்வார். எதைச் சொன்னாலும் கடைசியில் 'யாரும் தள்ளல' என்று முடிப்பது அவர் வழக்கம். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகு அவருக்குச் சிறுநீரகம் போனது. கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரருக்கும். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் தவிர வேறெதுவும் தெரியாத மனுஷர் அவர். தேனியில் டயாலிசிஸ் செய்யப் போன முதல் நாளே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "எவன் ரத்தத்தையோ எனக்கு ஏத்துவாக. வேணாம். வீட்டுக்குப் போவோம்." பதறிப்போனேன். விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் ஆள் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு சத்தம். "அண்ணே, ஒக்காருங்க! டீச்சர், கேன்டீன்ல ஒரு டிப் டீயும் சுடுதண்ணியும் வாங்கிட்டு வாங்க!" கையில் குழாய் செருகியபடி ஜெயசீலன் சார்! வாங்கி வந்தேன். டிப் டீயைத் தண்ணீரில் தொங்கவிட்டார். "அண்ணே, இந்தப் பைதான் சவ்வு. இலை வெளிய வருதா? வரல. ஒங்க ரத்தம் அந்த இலை மாதிரி, உள்ளயே இருக்கும். சாயம் மட்டும் வெளிய வருது பாருங்க. அதுதான் கழிவு. கூட இருக்குற பக்கத்துலேர்ந்து கம்மியா இருக்குற பக்கத்துக்குத் தானாப் போகுது. யாரும் தள்ளல."

"அப்ப நல்ல உப்பும் போயிருமே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கெட்டிக்காரரு! ஒடம்புக்கு வேண்டிய உப்ப மெசின் தண்ணியிலயும் போட்டு வச்சிருக்காக. ரெண்டு பக்கமும் சமமா இருந்தா அது போகாது. கழிவு மட்டும் போய்க்கிட்டே இருக்கணும்ல? அதுக்குத்தான் தண்ணிய மாத்திக்கிட்டே இருக்காக. மாத்துறது தண்ணியத்தான் அண்ணே, ஒங்க ரத்தத்த இல்ல."

என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். "சரி, அந்த டீயவாச்சும் குடுங்க" என்றார். "அளவுக்கு மேல ஒரு சொட்டு தண்ணி கூடாது!" என்று சார் அதைக் கீழே ஊற்றச் சொன்னார். அன்றிலிருந்து என் கைப்பையில் டிப் டீ இருக்கவேண்டும் என்பது அவர் உத்தரவு. புது ஆள் வந்தால் வேண்டுமாம்.

என் சமையலிலும் மூக்கை நுழைத்தார். காயைப் பொடியாக நறுக்கு, நிறையத் தண்ணீரில் வேகவை, வடித்துக் கொட்டு, பொட்டாசியம் காயிலிருந்து தண்ணீருக்குப் போய்விடும் என்றார். சத்தைக் கொட்டுகிற சமையல் ஒரு சமையலா என்று சண்டை போட்டேன். "சத்து ஒங்களுக்கு, டீச்சர். அண்ணனுக்கு அது வெசம்" என்றார். செல்லுக்குள் பொட்டாசியம் அதிகம், வெளியே ரத்தத்தில் குறைவு, அந்த வித்தியாசம் இருக்கிறவரைக்கும்தான் இதயம் ஒழுங்காக அடிக்கும், வெளியே ஏறிவிட்டால் நின்றுபோகும் என்று பஸ்ஸில் வரும்போது விரல் நீட்டிச் சொன்னார். எத்தனையோ தடவை சொன்னார்.

அப்படிச் சொன்னவர்தான் போன வாரம் போன் பண்ணினார். "நாளைக்கு டயாலிசிஸுக்கு வரல டீச்சர். எங்கிட்டப் படிச்ச பையனுக்குக் கடமலைக்குண்டுல கல்யாணம்." போகாதீர்கள் என்றேன். "ஒரு நாளுதான" என்றார். வேறு எவன் சொன்னாலும் அவர் ஒத்துக்கொள்ளாத 'ஒரு நாளுதான'! வெயிலில் போய் இறங்கியவருக்கு அந்தப் பையன் தோப்பு இளநீரை வெட்டி நீட்டியிருக்கிறான். ஆசையாகக் கொடுத்ததை எப்படி மறுப்பது என்று வாங்கிக் குடித்திருக்கிறார். ஊருக்கு உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்கு வந்த கோபத்தில், சாவு வீட்டில் மாலையைக் கூட அவர் காலடியில் வைக்காமல் பக்கத்திலிருந்த நாற்காலியில் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த முறை தேனிக்குப் புறப்படவேண்டிய காலையில் என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "எல்லாம் தெரிஞ்ச சாரே போய்ச் சேந்துட்டாக. நான் போய் என்னத்தக் கிழிக்க?" கெஞ்சினேன். அசையவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "அவுகளாவது இளநீர் குடிச்சுட்டுப் போனாக. நீங்க அதுகூட இல்லாமச் சாகப் போறீகளா?" என்று கத்தினேன். அவர் எழுந்து சட்டையைத் தேடினார்.

சாருடைய நாற்காலியில் புது ஆள். லோயர் கேம்ப்பிலிருந்து வந்த லாரி டிரைவர். உட்காராமல் நின்றுகொண்டு, "ரத்தத்த மாத்துவாகளாமே, யாரு ரத்தம்?" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லவேண்டிய மனுஷன் இளநீர் குடிக்கப் போய்விட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இந்தா, பையில டிப் டீ இருக்கா?" என்றார் என் வீட்டுக்காரர். அந்த அறையில் அதுவரை சாரைத் தவிர யாரிடமும் நாலு வார்த்தை பேசாதவர்.

இருந்தது. சுடுதண்ணீர் வாங்கி வந்தேன். குழாய் செருகாத கையால் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டார். "தம்பி, இதுதான் சவ்வு. இலை வெளிய வருதா? சாயம் மட்டும் போகுது பாரு. யாரு தள்ளுனா? யாரும் தள்ளல."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. "உப்பச் சொல்லாம விட்டுட்டீக" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே திருத்தினேன். அந்த டிரைவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

சார், உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது வாரம் மூன்று நாள் பஸ் ஏறுகிற என் வீட்டுக்காரர். அதற்காக அந்த இளநீரை நான் மன்னித்துவிடுவேன் என்று நினைக்காதீர்கள்.