ஸ்விட்ச்சுக்குப் போட்ட கட்டு

அன்று எங்கள் ராஜபாளையம் வீட்டில் இருந்தது நான்கு பேர்: நான், என் மனைவி, மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்த அவளுடைய தம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒருவர்.

என் மனைவி மார்கழி பஜனைகளில் ஆர்மோனியம் வாசித்தவள். மூட்டுவாதம் வந்து இரண்டு கை விரல்களும் மடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. அவளாகவே கட்டிய மெட்டு ஒன்று பாதியில் நின்றுபோயிற்று. பாடலாமே என்றால், "எனக்குப் பாட்டு தொண்டையில இல்ல, விரல்லதான்" என்பாள்.

சென்டர்காரர் அவளுக்கென்று ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். திரையில் ஸ ரி க ம ஒவ்வொன்றாக மின்னிக்கொண்டு போகும். வேண்டிய ஸ்வரம் மின்னும்போது காலால் ஒரு ஸ்விட்ச்சை அமுக்கினால் அது பதிந்துவிடும். கடைசியில் கம்ப்யூட்டரே வாசிக்கும். மச்சினன் பழைய மவுஸ் ஒன்றின் வயரில் காலிங் பெல் ஸ்விட்ச்சை இணைத்து, பலகையில் பொருத்தி முந்தின நாளே கொண்டுவந்து வைத்திருந்தான். பழைய கம்ப்யூட்டர்தான், பன்னிரண்டாயிரம். ஐந்தாயிரம் கொடுத்திருந்தேன். "ஒத்து வந்தா மீதியத் தாங்க அண்ணாச்சி. இல்லேன்னா இன்னைக்கே திருப்பி எடுத்துட்டுப் போயிருதேன்" என்றிருந்தார்.

அவள் அமுக்கினாள். ஒன்றும் பதியவில்லை. மறுபடி அமுக்கினாள். சென்டர்காரர் வயரைப் பிடுங்கிச் சொருகினார், மெஷினை நிறுத்திப் போட்டார். ஸ, ரி, க எல்லாம் அதுபாட்டுக்கு மின்னிக்கொண்டே போயின.

"போதும், எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சென்டர்காரர் வயரைச் சுருட்டக் குனிந்தார்.

மச்சினன்தான் கேட்டான். "அத்தான், ஸ்விட்ச்சுல என்ன சுத்தியிருக்கு?"

நான் வேலை பார்த்தது பேண்டேஜ் துணிக் கம்பெனியில். எங்கள் வீட்டில் டீ வடிகட்டுவது, தூக்குச்சட்டிக்கு வாய் கட்டுவது எல்லாமே அந்தத் துணிதான். அதனால் ஸ்விட்ச்சில் அது இருந்தது யார் கண்ணையும் உறுத்தவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான்; கரண்ட் என்றாலே பயம். அவள் காலில் ஷாக் அடித்துவிட்டால்? காலையிலேயே எட்டுச் சுற்று சுற்றிவைத்திருந்தேன்.

"ஷாக் அடிக்கும்னு..." என்றேன்.

"மவுஸ் வயர்ல எங்கிட்டு அத்தான் ஷாக்கு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, அடிபட்டது எனக்கா ஸ்விட்ச்சுக்கா? அதுக்குப் போயி கட்டுப் போட்டு வச்சிருக்கீக!"

சிரித்துவிட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பியது. அத்தனை சுற்றுத் துணிக்கடியில் பொத்தான் அமுங்கவே இல்லை; மச்சினன் அதைப் பிரித்தான். அவள் கால் பெருவிரலால் அமுக்க, 'க' நின்றது. பிறகு 'ப'. இரண்டு வரி பதிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. யாரும் எழுந்து போகவில்லை.

கம்ப்யூட்டர் வாசித்தது. "டவுன் பஸ் ஹாரன் மாதிரில்லா இருக்கு" என்றாள். ஆனாலும் கண்ணைத் துடைக்க என் தோளில்தான் முகத்தைத் தேய்த்தாள். "இன்னொரு தடவ போடுங்க. மிச்சத்த நாளைக்கு முடிக்கணும்."

சென்டர்காரர் கம்ப்யூட்டரை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினார். மளிகைக் கடையில் பத்து ரூபாய் பாக்கி இருந்தாலே தூங்காதவன் நான், அன்று நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். அவருக்குத் தர வேண்டிய பாக்கி ஏழாயிரம் ரூபாய்.