கம்பியூட்டருக்குத் தேதி சொல்லும் மாயாண்டி

"நவீன தகவல் தொழினுட்ப அறிவும் மும்மொழித் தேர்ச்சியும் கொண்ட நிலைய ஒருங்கிணைப்பாளர்" என்று வட்டகொடைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கணினி நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அந்தத் தாளுக்கு நேர் கீழே உட்கார்ந்து, திரு. ச. மாயாண்டி கம்பியூட்டருக்கு இன்று என்ன திகதி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தினமும் காலையில் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன பற்றரி செத்துப் பல காலமாகிறது. முதல் நாள் அணைத்தால், மறுநாள் அது இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதியில்தான் கண் விழிக்கும். மாயாண்டி சுவர்க் கலண்டரை ஒருமுறை பார்ப்பார், ஒற்றை விரலால் தட்டுவார், மறுபடி கலண்டரைப் பார்ப்பார். "நானும் அப்படித்தாங்க. எந்திரிச்சா என்ன கெழமைன்னு பொண்டாட்டிதான் சொல்லணும்" என்பார்.

ஒரு நாள் சொல்ல மறந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து, ஓய்வு பெற்ற தொழிலாளி ராக்காயியின் மரண அறிவித்தலை அடித்தார். திகதியைக் கம்பியூட்டரே போட்டுக்கொண்டது. "அப்ப இத்தன வருசமா செத்துப்போயா அது கொழுந்து எடுத்துச்சு?" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கேட்டார்கள். "எடுத்துச்சே, முழுப்பேருக்கு!" என்று முதலில் சிரித்தவர் மாயாண்டிதான். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் ஒரு பேர். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்.

பதவி அவரைத் தேடி வந்த விதம் எளிமையானது. ஹட்டனில் ஓர் அலுவலகம் வேண்டாமென்று கழித்த இந்தக் கம்பியூட்டரைத் தோட்டத்துக்குத் தந்தபோது, லொறி குலுங்குகிறதே என்று அதை வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர். லொறியை விட்டு இறங்கும்போது பொறுப்பும் அவர் மடியிலேயே இருந்தது. மும்மொழித் தேர்ச்சிக்கும் குறையில்லை. தமிழ் வீட்டுக்கு, சிங்களம் பஸ்ஸில் சண்டை பிடிக்க, ஆங்கிலம் கம்பியூட்டர் கேட்கும் அளவுக்கு. "ஓகே" என்பதை மட்டும் அமுக்குவார். "கென்சல் அமுக்குனா அதுக்கு மனசு விட்டுப்போயிருங்க."

அணைப்பதிலும் பக்குவம் உண்டு. திரை தானாக இருளும்வரை, ரயிலேற்றிவிட்டவர் மாதிரி கைகட்டி நிற்பார். ஒருமுறை பிளக்கைப் பிடுங்கினால் போதும், இது திரும்ப எழும்பாது என்று தலவாக்கலையில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் மஃறூப் எச்சரித்திருந்தார்.

அந்த மஃறூப்தான் இந்த வருடம் இன்டர்நெட் லைனும் ரவுட்டருமாக வந்து இறங்கினார். வயரைச் செருகப் பார்த்தார், துவாரம் அடைத்திருந்தது. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை மாயாண்டி அப்பிய சந்தனம் உள்ளே போய்க் கல்லாகியிருந்தது.

"மாயாண்டி அண்ணன், இது கம்பியூட்டரா கோயிலா?" என்றபடி ஊசியால் சுரண்டினார் மஃறூப். வயர் ஏறியது, ரவுட்டரில் பச்சை விளக்குகள் மின்னின. ஆனால் ஓர் இணையப் பக்கமும் திறக்கவில்லை.

"லைன் நல்லா ஈக்குது. இது மௌத்தாப் போன விண்டோஸ். இண்டக்கி உள்ள பக்கம் ஒண்டும் இதைக் கண்டா கதவத் தொறக்காது. புதுசு போடவும் இதுல எடமில்ல."

"நானும் அதுவும் ஒரே செட்டுங்க, மொதலாளி. புதுசு ஏறாது" என்று சிரித்தார் மாயாண்டி. ஆனால் லயத்தில் இதை மூச்சு விடவில்லை.

மூச்சு விடாதது மட்டுமல்ல, ஜீவராணிக்கு வாக்கும் கொடுத்தார். அவள் முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். ஆசிரியர் பயிற்சிக்குக் கொழும்பிலிருந்து இணையம் வழியாக நேர்முகத் தேர்வு வைத்திருந்தார்கள். தவறினால் அடுத்த சேர்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. லயத்தில் போனுக்கு சிக்னல் இல்லை. ரோடு வளையும் முடக்குக்குப் போக வேண்டும். "மழைல முடக்குல நின்னா பேசுவ? நம்ம நெலயத்துல பெரிய திரைக்கு முன்னால ஒக்காந்து பேசு புள்ள" என்றார். மஃறூபிடம் ஒரு கமராவையும் இரவல் வாங்கினார். "கண்ணு தாறேன். பார்வைய யாரு குடுக்கிற?" என்று கேட்டுவிட்டுத்தான் மஃறூப் தந்தார்.

நாளும் வந்தது. ஜீவராணி அம்மாவின் பட்டுச் சேலையில் வந்து உட்கார்ந்தாள். மாயாண்டி கற்பூரம் காட்டி, திகதி சொல்லி, தட்டினார். பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்றது திரை. மறுபடி தட்டினார். மறுபடியும் அதையே சொன்னது.

"கொஞ்சம் பொறு புள்ள, யோசிக்குது."

"யோசிக்கலங்க மாமா. முடியாதுன்னு சொல்லுது." அவள் கையில் இருந்த போனைப் பார்த்தாள். "நேரமாச்சு. பாஸ்வேர்ட மட்டும் சொல்லுங்க, இதுலயே பேசிர்றேன்."

அந்த பாஸ்வேர்டை மாயாண்டி மனைவிக்கும் சொன்னதில்லை. போன்கள் வந்து ஒட்டிக்கொண்டால் கம்பியூட்டருக்கு இன்டர்நெட் மிஞ்சாது என்பது அவர் கட்சி. "போன்ல பேசுறதுக்கா இம்புட்டுப் பாடுபட்டு லைன் எடுத்தேன்?" என்றார். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

வாசலில் நின்ற அவர் மனைவி நாகலெட்சுமி பொறுத்துப் பார்த்தாள். "தேதியே தெரியாதத நம்பி இந்தப் புள்ளயக் கூட்டியாந்து ஒக்கார வச்சிருக்கீங்களே! மஃறூப் மொதலாளி அன்னைக்கே சொல்லிட்டாராமே?"

ஜீவராணி நிமிர்ந்து பார்த்தாள். மாயாண்டி சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார்.

"சொன்னாரு. இதுக்கு அரைப்பேரு கூடப் போட ஏலாது. ஒருங்கிணைப்பாளருக்குந்தான்" என்றார். "போனக் குடு."

பாஸ்வேர்டை அவரே, ஒற்றை விரலால் அடித்தார். பச்சை விளக்கு துடித்தது. கொழும்பு கிடைத்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் போனில் சார்ஜ் முடியப் போவதை ஜீவராணி காட்டினாள். அறையில் இருப்பது இரண்டே பிளக் பொயின்ட். ஒன்றில் ரவுட்டர், மற்றதில் கம்பியூட்டர். முறைப்படி அணைத்துக் கைகட்டி நிற்க நேரமில்லை.

மாயாண்டி கம்பியூட்டரின் பிளக்கைப் பிடுங்கி, அவளுடைய சார்ஜரைச் செருகினார். போனை இருண்ட திரையில் சாய்த்து வைத்தார். அது வழுக்காமல் இருக்கக் கீபோர்டை முட்டுக் கொடுத்தார். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.