ஆல்பத்தில் நுழையாத பதக்கம்

“…அதனால நீங்க பெரிசா ஒண்ணும் எழுதித் தர வேணாம் மாஸ்டர். இது எந்தக் கோயில் காசுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே சரோஜா மேடம் ஒரு பிளாஸ்டிக் உறையை என் மேஜையில் வைத்தார்.

திருமுல்கேரியில் முப்பது வருடத்துக்கு மேல் மெடல் மவுன்டிங் கடை வைத்திருந்தவன் நான். பட்டாளத்துக்காரர்கள் பரேடுக்கு முன்னால் மெடல்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ரிப்பன் மாற்றி, வரிசைப்படி பட்டையில் தைத்து, பின்னால் ஊசி வைத்துக் கொடுப்பேன். விளிம்பில் பெயர் வெட்டுவதும் உண்டு. யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றேன். ஒரு சுபேதார் சொல்வார், “மெடல் கோணலா தொங்கினா ஆளே கோணலா நிக்கிற மாதிரி, மாஸ்டர்.” இப்படி வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதிவைப்பேன். தொழில் பாதி அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான். கடையை மூடிய பிறகும் பழைய மெடல் எது கிடைத்தாலும் ஜனங்கள் என் வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள்.

சரோஜா மேடம் பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் ஸ்டோர்ஸில் இருந்து ரிடையர் ஆனவர். பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். காசு சேகரிக்க ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பின்கட்டில் கருவேப்பிலைக் கன்று வைக்கத் தோண்டியபோது இந்த வட்டத் தகடு மண்ணோடு வந்திருக்கிறது. பேகம்பேட்டில் காசு சேகரிப்பவர்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடுவார்கள். அங்கே இவர் ஒருவர்தான் பெண். போன கூட்டத்தில் காட்டியிருக்கிறார், யாராலும் சொல்ல முடியவில்லை.

“ஒருத்தர் லட்சுமிங்கறார். ஒருத்தர் கையில தராசு இருக்கு, வியாபாரிங்க டோக்கன்ங்கறார். செகரட்டரி இருக்காரே, அவர் ‘கருவேப்பிலைக்கு அடியில புதையலா மேடம், புதினாவுக்கு அடியிலயும் தோண்டிப் பாருங்க’ன்னு சிரிக்கறார். எனக்கு ரோஷம் வந்துடுத்து. அடுத்த கூட்டத்துல நானே சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சொல்ல முடியலைன்னா அந்தப் படியை மிதிக்க மாட்டேன் மாஸ்டர்.”

பதினைந்து நாள் இருந்தது. வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

முதலில் கையில் போட்டு எடை பார்த்தேன். வெள்ளி இல்லை, பித்தளை, மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு. வார்ப்பு வேலை இல்லை, டை என்கிற அச்சு வைத்து அடித்தது. படம் இரண்டு பக்கமும் மழுங்கியிருந்தது. இப்படிப்பட்டதை நேரே வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைப் படுக்க வைத்து, வெளிச்சம் தகட்டின் மேல் சாய்ந்து விழும்படி பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஓர் ஆணின் உருவம், நெஞ்சில் ஏதோ ஒரு மேடு. மறுபக்கம் மடியில் குழந்தையோடு ஒரு பெண். கையிலிருந்து நூல் மாதிரி இறங்கி இரண்டு சின்னச் சதுரங்கள் தொங்கின. தராசு என்று சொன்னவர் இதைத்தான் பார்த்திருக்கிறார்.

எனக்கும் டோக்கன் என்றே தோன்றியது. காரணம், வளையம் இல்லை. கழுத்தில் போடுகிற எதற்கும் தலையில் ஒரு வளையம் இருக்கும். உடைந்து போனாலும் மொட்டை மாதிரி அடி நிற்கும். இதில் விளிம்பு சுற்றிலும் வழவழவென்று இருந்தது. அந்த எண்ணத்திலேயே மூன்று நாள் வீணாகப் போயிற்று.

நான்காம் நாள் லென்ஸை வைத்து விளிம்பை மட்டும் ஒரு சுற்று பார்த்தேன். எல்லா இடமும் மங்கல், உச்சியில் மட்டும் ஒரு நெல் அகலத்துக்குப் பளிச்சென்று மஞ்சள். அதில் சாய்வாகக் கோடுகள். அரத்தால் ராவிய தடம். அதுவும் புதுத் தடம்.

மேடத்துக்குப் போன் போட்டேன். “இதுல ஏதாவது வேலை பண்ணினீங்களா?”

“புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சேன். தப்பா?”

“தப்புதான். அதைத் தவிர?”

அந்தப் பக்கம் பிளாஸ்டிக் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

“ஆல்பத்துல போகலை மாஸ்டர்” என்றார்.

விஷயம் இதுதான். காசு ஆல்பத்தில் ஒவ்வொன்றுக்கும் வட்டமாக ஒரு பை இருக்கும். தலையில் வளையம் நீட்டிக்கொண்டிருந்தால் பை மூடாது. முப்பது வருடம் ஸ்டோர்ஸில் ஒவ்வொரு சாமானையும் அதனதன் பெட்டிக்குள் அடக்கிய கை, சும்மா இருக்குமா? பக்கத்துத் தெரு பத்தரிடம் கொடுத்து வளையத்தை வெட்டி, விளிம்பை ராவி வாங்கிவிட்டார். வெட்டியது பெரும் பாவம் என்று பிறகு கூட்டத்தில் யாரோ வேறு எதைப் பற்றியோ பேசும்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

வளையம் இருந்தது என்று தெரிந்ததும் மற்றது தானாக வந்தது. ரயில்வே காலனியிலிருந்து ஒரு மேரி அக்கா என் கடைக்கு வருவார். அவர் வீட்டுக்காரர் இன்ஜின் ஃபயர்மேன். வீட்டில் எல்லோருடைய மெடலுக்கும் வளையம் தேய்ந்துபோகும், நான் பற்றவைத்துக் கொடுப்பேன். ஒருநாள் என்ன இது என்று கேட்டதற்கு அக்கா சொன்னது பில் புக்கில் அப்படியே இருக்கிறது: “இது உத்தரியம் தம்பி. நெஞ்சுல ஒரு துணித் துண்டு, முதுகுல ஒரு துண்டு, நூல்ல கோத்துப் போடறது. இன்ஜின் சூட்டுல வேர்த்து வேர்த்துத் துணி நைஞ்சு போச்சு. அதுக்குப் பதிலா சாமியார் இந்த மெடலை மந்திரிச்சுத் தந்தார். ஒரு பக்கம் இருதய ஆண்டவர், ஒரு பக்கம் மாதா. ரெண்டும் இருந்தாத்தான் கணக்கு.”

மாதாவின் கையில் தொங்கியது தராசுத் தட்டு இல்லை, அந்தத் துணித் துண்டுகள். நெஞ்சில் இருந்த மேடு, இருதயம். துணிக்குப் பதில் மெடல் போடுவது போன நூற்றாண்டில் வந்த வழக்கம் என்பதால் முந்நூறு வருடம், நானூறு வருடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. யாரோ வருடக்கணக்காகக் கழுத்தில் போட்டுத் தேய்த்த, சாதாரணமான, நல்ல மெடல்.

மேடம் நேரில் வந்தபோது சொன்னேன். அரிய பொருள் இல்லை என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கைப்பையிலிருந்து இன்னொரு சின்ன உறையை எடுத்தார். உள்ளே வெட்டிய வளையம், நூலில் கட்டிய ஒரு சீட்டோடு.

“இதையே திரும்ப ஒட்டிடுங்கோ. மேல கொஞ்சம் கருப்பு ஏத்திட்டா யாருக்குத் தெரியப் போறது?”

“ஒட்டித் தரேன் மேடம். கருப்பும் ஏத்தித் தரேன், ஒரு மணி நேர வேலை. ஆனா யாராவது கேட்டா நான் ஒட்டினதுன்னு சொல்லிடுவேன்.”

“நீங்க கூட்டத்துக்கு வருவேளா?”

“கூப்பிட்டீங்களே, வராம இருப்பேனா.”

மேடம் முறைத்தார். இரண்டு உறைகளையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

புதிதாக இந்தத் தொழிலுக்கும் சேகரிப்புக்கும் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் எந்த மெடல் வந்தாலும் “எங்கே கிடைச்சது?” என்றுதான் முதலில் கேட்பேன். இப்போது, “கிடைச்ச பிறகு என்ன பண்ணினீங்க?” என்பதுதான் முதல் கேள்வி. கோபமில்லாமல் கேட்க வேண்டும். கோபமாகக் கேட்டால் பதில் வராது.

ஞாயிற்றுக்கிழமை பேகம்பேட் மாடி ஹாலில் பதினெட்டு பேர் இருந்தார்கள். மேடம் எழுந்து, தகட்டை வைத்து, உத்தரியம் என்றால் என்ன, இரண்டு பக்கமும் யார் யார் என்று ஸ்டோர்ஸ் லிஸ்ட் வாசிப்பது போல வரிசையாகச் சொன்னார். தராசு என்றவர் தலையைச் சொறிந்தார். செகரட்டரி விடுவாரா? “இதுக்கா ஒரு மாசம் சஸ்பென்ஸ் மேடம்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், மேடமும் சிரித்தார்.

பின்வரிசையில் ஒரு பெரியவர் தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய ஊர்க்காரர், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் இந்த ஊர் உருது கலக்கும்; ‘கைக்கு’ என்றால் ஏன், ‘ஹவ்’ என்றால் ஆமாம்.

“மெடல்னா மேல ரிங் இருக்கணுமே, கைக்கு இல்ல?” என்றார். பிறகு அவரே, “ஹவ், இவ்ளோ நாள் மண்ணுல கிடந்தா உதுந்து போயிருக்கும். விடுங்க” என்று திருப்பிக் கொடுத்தார்.

பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். செகரட்டரி அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

மேடம் உட்காரப் போனவர், நாற்காலியைப் பிடித்தபடியே நின்றார்.

“மண்ணுல போகலை சார்” என்று சொல்லி, கைப்பையைத் திறந்து, வளையம் இருந்த உறையை எடுத்து மெடலின் பக்கத்தில் வைத்தார்.