நாரைகள் இறங்கிய கல்யாணம்

பெக்கா சமவெளியைக் கடந்து போகும் நாரைகளைக் கணக்கெடுப்பதும், அவற்றைச் சுடாதீர்கள் என்று ஊர் ஊராகப் பேசுவதும்தான் நஜ்லாவின் வேலை. மகள் தலாலின் கல்யாணத்தன்று மாலை, வீட்டுக்குப் பின்னாலிருந்த மரங்களில் நாரைகள் களைத்து இறங்கியிருந்தன. பெண்ணை அழைத்துப்போக வந்த மாப்பிள்ளையின் அப்பா, வழக்கப்படி வானத்தை நோக்கித் துப்பாக்கியைத் தூக்கினார்.

“வேணாம் சம்பந்தி. பயந்து கிளம்புச்சுன்னா இருட்டுல கரண்டு கம்பில அடிபட்டுச் செத்துரும்.”

“வெடிச் சத்தமில்லாமப் போனா, பொண்ணத் திருடிட்டுப் போறோம்னு ஊரே சிரிக்கும் சம்பந்தியம்மா. நாரைக்கு இருக்கிற மரியாதை எங்களுக்கு இல்லையா?”

விட்டுவிடேன் அம்மா என்று தலாலின் கண்கள் கெஞ்சின. நஜ்லா துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் துப்பாக்கியை இறக்கினார். ஆனால் நீட்டிய காபியை மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் தொடவில்லை. தலாலும் அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினாள்.