யானைக்கு ஆகாத மோர்மிளகாய்

டென்மார்க்கில் மோர்மிளகாய் போட முடியாது. நாங்கள் இருக்கும் இக்காஸ்ட் ஊரில் என் மனைவி அதைக் காயவைத்துப் பார்க்காத இடமில்லை. ஜன்னலோரம், ஹீட்டருக்கு மேல், ஒருமுறை என் காருக்குள்ளும். காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். பிறகு ஒரு கிழமைக்கு அவளோடு மனிதர் கதைக்க முடியாது.

அதற்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. மகளின் பள்ளிக்கூட இலையுதிர்கால விடுமுறைக்குச் சாம்பியாவில் ஓர் ஆற்றங்கரை வீட்டைப் பிடித்தேன். எனக்கு ஒரே ஆசை, காட்டு யானையைப் பார்க்க வேண்டும். இலங்கையில் பிறந்தும் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓடிவந்தவன் நான். தொழிற்சாலை வேலை என் இடுப்புக்குத் தந்த நாரிநோவுக்கு ஜீப் சவாரி ஒத்துவராது. அந்த வீட்டில் ஜீப்பே தேவையில்லையாம். தினமும் பின்னேரம் யானைகள் வீட்டு வாசலில் போட்டிருக்கும் மரத்தளத்துக்குப் பக்கத்தால் நடந்து ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்க வருமாம்.

விமான நிலையத்திலிருந்து போகும் வழியில் ஒரு சந்தையைக் கண்டு மனைவி இறங்கினாள். ஒரு கூடை பச்சை மிளகாயும் தயிருமாக வந்து ஏறினாள்.

"என்னப்பா இது?" என்றேன்.

"வெயிலைப் பாருங்கோ! இப்பிடி ஒரு வெயில் எங்களுக்கு இனி எப்ப கிடைக்கும்?"

இரவில் மிளகாய் உப்புத் தயிரில் ஊறும். விடிந்ததும் என் பழைய வேட்டியில், மரத்தளம் முழுக்கக் காயும். வேட்டியை அவள் இக்காஸ்டிலிருந்தே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள், கள்ளி! குரங்கு விரட்டும் உத்தியோகம் எனக்கு. ஒரு கையில் தடி, மறு கையில் பைனாகுலர். யானை மட்டும் வரவில்லை. போன கிழமைகூட வந்ததே என்று வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

புறப்படுவதற்கு முதல்நாள், போனை நோண்டிக்கொண்டிருந்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். வழக்கம்போல டேனிஷில்தான் விஷயத்தைச் சொன்னாள். இந்தப் பக்கத்து விவசாயிகள் தோட்டத்தைச் சுற்றி மிளகாயைக் கட்டித்தான் யானையைத் துரத்துகிறார்களாம். மிளகாய் மணமே அதற்கு ஆகாதாம்.

எனக்கு விசர் ஏறிவிட்டது.

"நாசமாப் போன மிளகாய்! ஆத்துக்குள்ள கொட்டப் போறன்!"

"கொட்டிப் பாருங்கோ. நானும் பின்னால குதிப்பன்."

ஆற்றில் முதலைகள் இருந்தன. அது அவளுக்கும் தெரியும்.

கடைசியில் மகள்தான் சமாதானம் பேசினாள். மிளகாய் குளியலறைக்குள் போக வேண்டும், மரத்தளத்தைக் கழுவ வேண்டும். "யானை ஆசை உங்களுக்குத்தானே, மிச்சத்தையும் நீங்களே காய வையுங்கோ" என்று மனைவி தலைமயிர் காயவைக்கும் மெஷினை என் கையில் திணித்தாள்.

மறுநாள் வண்டி வரும்வரை அதுதான் வேலை. குளியலறையில் முழங்காலில் நின்று மிளகாய்க்குச் சூடு காட்டினேன். தும்மல், இருமல். மெஷின் இரைச்சலில் வேறொன்றும் கேட்கவில்லை. திடீரென்று மகள் ஓடிவந்து வயரைப் பிடுங்கினாள்.

"அப்பா, வந்திட்டினம்!"

தமிழில் சொன்னாள்! விழுந்தடித்து ஓடினேன். மரத்தளத்து வாசலில் மனைவி கைகளை விரித்து மறித்தாள்.

"கிட்ட வராதேங்கோ! உங்களில மிளகாய் மணக்குது!"

"விடப்பா!"

"கத்தாதேங்கோ. குட்டியும் நிக்குது."

மகளை வெளியே இழுத்துக்கொண்டு, என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். திரும்பக் குளியலறைக்கு ஓடி, கொமட்டின் மேல் ஏறி, உயரத்திலிருந்த சின்ன ஜன்னலைத் திறந்தேன். வடிவாகப் பார்க்க வேண்டுமென்று கண்ணைக் கசக்கினேன், அதே மிளகாய்க் கையால். ஐயோ! அதன்பிறகு ஆப்பிரிக்கா முழுவதும் கண்ணீராகத்தான் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் பெரிதாக ஏதோ அசைந்தது. அதற்குப் பக்கத்தில் சிறிதாக இன்னொன்று. விக்கி விக்கி அழுதேன், எரிவிலா ஆசையிலா என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது இக்காஸ்டில் யாராவது யானை பார்த்தீர்களா என்று கேட்டால், நான் வாயைத் திறக்குமுன் மனைவி முந்திக்கொள்கிறாள்.

"ஓம், ஓம். நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். இவர் உள்ளுக்க நிண்டு அழுதவர்."