சொர்ணவல்லிக்கு ஒத்துக்கொண்ட கார்

பொன்னமராவதிக் கடைவீதியில் கடலை மண்டி வைத்திருந்த வெள்ளைச்சாமி, ஒரு கைப்பிடிக் கடலையை அள்ளிப் பார்த்தே மூட்டைக்குள் எவ்வளவு சொத்தை இருக்கும் என்று சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருக்கும். அந்தப் பத்தாவது தடவையை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அதனால் எந்தப் பொருளையும் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டுவிட முடியும் என்று மனுஷனுக்கு ஒரு நினைப்பு. கடலையோடு நின்றிருந்தால் வம்பில்லை. யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம், முப்பத்தெட்டில், அவர் கார் வாங்கக் கிளம்பினார்.

ஆடம்பரத்துக்கு வாங்கினார் என்று சொன்னால் பாவம் வந்து சேரும். ஒரே மகள் செவந்தியை மணமேல்குடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்குத் தலைப்பிரசவம். "ஏழாம் மாசத்துக்குள்ள பெத்தவ நேர்ல வந்து கூட்டிக்கிட்டுப் போகணும். எட்டுப் பொறந்துட்டா பிள்ளத்தாச்சிய ஊரு விட்டு ஊரு அனுப்ப மாட்டோம், பேறுகாலம் இங்கிட்டுத்தான்" என்று சம்பந்தியம்மா மூக்காயி கறாராகச் சொல்லி அனுப்பிவிட்டாள். ஆவணி முடிந்தால் எட்டு பிறந்துவிடும். அறுபது மைலுக்கு மேல் மாட்டு வண்டியில் குலுக்கிக் கொண்டுவருகிற உடம்பா அது? பஸ்ஸில் போகலாமென்றால் வெள்ளைச்சாமியின் மனைவி சொர்ணவல்லிக்குப் பஸ் ஆகாது. மகள் கல்யாணத்துக்குப் போனபோது புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து அறந்தாங்கி வரைக்கும் வாந்தி எடுத்தவள், தாலி ஏறியதைச் சுருண்டு படுத்தபடிதான் பார்த்தாள்.

"என் மக பேறுகாலத்துக்கு நான் பக்கத்துல இருக்கணும். என்ன செய்வீகளோ, என்னய அங்கிட்டுக் கொண்டுபோய்ச் சேருங்க" என்று அழுதாள். மாமியார் செத்தபோதுகூடக் கண்ணில் தண்ணீர் காட்டாதவள். வெள்ளைச்சாமி ஆடிப்போனார்.

குலுக்கல்தான் வாந்திக்குக் காரணம், ஆகவே குலுங்காத கார் வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். புதுக் கார் கூடாது. செருப்பு பழகினால்தானே காலுக்குச் சுகம்? அதுபோல் பெரிய வீட்டில் நாலு வருஷம் ஓடி, ஸ்பிரிங் படிந்து, மெத்தை பதமான காராகப் பார்க்க வேண்டும். இந்தத் தத்துவத்தை மண்டிக்கு வந்தவர்களிடமெல்லாம் விளக்கினார். கடலை விற்க வந்தவர்கள் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்கள்.

புதுக்கோட்டையிலிருந்து கார்த் தரகர் ரெங்கராஜ் வரவழைக்கப்பட்டார். எந்த பங்களாவில் எந்தக் கார் விலைக்கு நிற்கிறது என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்கும். பரீட்சை எளிது. பின் ஆசனத்தில் சொர்ணவல்லியும் வெள்ளைச்சாமியும் உட்காருவார்கள். இதற்கென்றே அமர்த்திய டிரைவர் வீரய்யா ஓட்டுவார். திருமயம் வரை போய்த் திரும்பும்வரை அம்மாள் வாந்தி எடுக்காவிட்டால் கார் பாஸ்.

முதலில் வந்தது பக்கமெல்லாம் திறந்து கிடக்கிற, கித்தான் கூரை போட்ட வண்டி. உட்கார்ந்ததும் வெள்ளைச்சாமி சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "ம், விடு" என்றார். வழியிலுள்ள குழிபிறை ஊரைத் தாண்டிய பிறகுதான் சொர்ணவல்லி வாயைப் பொத்தினாள். அடுத்தது அதைவிட உசத்தி, பாதிக்குமேல் கண்ணாடி. குழிபிறைக்கு இந்தப் பக்கமே ஆயிற்று. மூன்றாவதாக வந்தது ஒரு ஜமீன் வீட்டுக் கார். நாலு பக்கமும் கண்ணாடி, ஜன்னலுக்குப் பட்டுத் திரை, மாட்டுத்தோல் மெத்தை. ரெங்கராஜ் முன் ஆசனத்தின் முதுகில் ஒரு வெள்ளித் தட்டை இழுத்துக் காட்டினார்.

"சாம்பல் தட்டுறதுக்கு மொதலாளி. ஒங்களுக்குன்னே வச்ச மாதிரி இருக்கு பாருங்க."

வெள்ளைச்சாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தூசி உள்ளே வராதபடி கண்ணாடியை எல்லாம் ஏற்றச் சொல்லி, தட்டுக்கு மரியாதை செய்வதற்காக வழக்கத்தைவிடப் பெரிய சுருட்டாக எடுத்தார். ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. சொர்ணவல்லி கதவைத் திறக்கவும் நேரமில்லாமல் பட்டுத் திரையைப் பிடித்துக்கொண்டாள். ஜமீன் வீட்டுக்கு அந்தத் திரையை வெளுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

விலை ஏற ஏற வாந்தி முந்திக்கொண்டு வந்தது. எலுமிச்சம்பழம் முகர்ந்தாயிற்று, உப்பு நார்த்தங்காய் மென்றாயிற்று. கார் புறப்படுகிற நாளில் எதுவரை போகும் என்று பார்க்கக் கடைவீதியே வேலையைப் போட்டுவிட்டு நின்றது. சொர்ணவல்லிக்கு உசந்த சாமான் ஒத்துக்கொள்ளாத வயிறு என்று பேசிக்கொண்டார்கள். அவளோ யார் பேசினாலும் காதில் வாங்காமல், ஆவணியில் எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாள் இருந்தது.

நாலாவது காரை ரெங்கராஜ் மனசில்லாமல்தான் கொண்டுவந்தார். எட்டு சிலிண்டர் அமெரிக்க வண்டி. அகலமும் நீளமும் பார்த்தால் உள்ளே கட்டில் போடலாம். மண்டி வாசலில் நின்றது நின்றதுதான், கிளம்ப மறுத்தது. வீரய்யா முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றிச் சுற்றிக் கை வலித்து ஓய்ந்தார்.

"தள்ளுனா பத்திக்கிரும் மொதலாளி" என்றார் ரெங்கராஜ்.

மூட்டை தூக்குகிற நாலு ஆள்கள் பின்னால் வந்தார்கள். தள்ளுவதையும் அவர்கள் சரியாகச் செய்யமாட்டார்கள் என்று வெள்ளைச்சாமியே இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார். கார் நகர்ந்தது. இதோ பற்றும், அதோ பற்றும் என்று ஒரு மைல் தள்ளினார்கள். இரண்டு தடவை இருமியதோடு சரி. வெள்ளைச்சாமிக்கு மூச்சு இரைத்ததே தவிர வண்டிக்கு இரைக்கவில்லை. உள்ளே கண்ணாடி ஏற்றியபடி சொர்ணவல்லி இருந்தாள். சத்தத்தையே காணோமே என்று பயந்து எட்டிப் பார்த்தார். அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீக? இன்னங் கொஞ்சத் தூரம் போகலாமே" என்றாள்.

வெள்ளைச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார். காரைத்தான்.

"இதான்யா காரு! எனக்குப் பாத்ததுமே தெரியும்."

ரெங்கராஜ் வாயைத் திறக்கவில்லை. தரகு வேலையில் எப்போது பேசக் கூடாது என்று தெரிந்திருப்பதுதான் பாதித் தொழில். அன்றைக்கே கார் கைமாறியது.

மறுநாள் இரண்டு ஜோடி மாடு கட்டி அதைப் புதுக்கோட்டைக்கு இழுத்துப்போய், ஒரு மெக்கானிக்கிடம் விட்டார்கள். ஐந்தாம் நாள் பூனைபோலச் சத்தமில்லாமல் ஓடிவந்தது. வெள்ளைச்சாமி பெருமையோடு ஏறி, கண்ணாடியை ஏற்றி, சுருட்டைப் பற்றவைத்தார். தெரு முனைகூட வரவில்லை, சொர்ணவல்லி வீரய்யாவின் தோளைத் தட்டினாள்.

வெள்ளைச்சாமி நடுத்தெருவில் குதித்தார்.

"நல்லா இருந்த காரை ரிப்பேர் பண்ணிக் கெடுத்துப்புட்டான்! யோவ் வீரய்யா, திருப்பு புதுக்கோட்டைக்கு. பழையபடி எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கித் தரச் சொல்லு!"

"பழையபடின்னா ஓடாதுங்களே மொதலாளி."

"ஓடலைன்னா என்ன? ஒத்துக்கிட்டுதுல்ல!"

வீரய்யா இத்தனை வருஷத்தில் எத்தனையோ முதலாளிகளைப் பார்த்தவர். ஓடாதபடி ரிப்பேர் செய்யச் சொன்ன முதலாளி இவர் ஒருவர்தான். சொர்ணவல்லி காரின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு வாயைக் கொப்பளித்தாள். நிமிர்ந்தவள் திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். உள்ளேயிருந்து புகை மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. அந்தப் புகையையும், புருஷனின் வாயையும், தள்ளின அன்றைக்கு அந்த வாய் எங்கே இருந்தது என்பதையும் வரிசையாக நினைத்தாள். இருபது வருஷமாகச் சேர்ந்து வாழ்ந்தும் இது தோன்றாமல் போயிற்றே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. வீட்டில் அவர் வாயில் எந்நேரமும் சுருட்டு இருந்தாலும் புகை திண்ணையிலும் முற்றத்திலும் காற்றோடு போய்விடும். கண்ணாடிக்குள் வைத்து அடைத்தால்தானே அதன் குணம் தெரியும்?

"வீரய்யா, வண்டிய எடுங்க. திருமயம் போயிட்டு வருவோம். நீங்க இங்கனயே நில்லுங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு ஏறிக் கதவைச் சாத்தினாள்.

வெள்ளைச்சாமி நடுத்தெருவில் நின்றார். ஊர் அவரைச் சுற்றி நின்றது. கார் போய்த் திரும்பி வந்தபோது சொர்ணவல்லி கையில் ஒரு வெள்ளரிப்பிஞ்சு இருந்தது, பாதி கடித்தது.

"காருக்கு ஒரு கொறையும் இல்ல. மெக்கானிக்க ஒண்ணும் சொல்லாதீக. நாளைக்கு வெள்ளன கெளம்பணும்."

"அப்ப நான் வர வேண்டாமா?"

"நீங்க வாங்க. அது வர வேண்டாம்" என்று அவர் வாயிலிருந்த சுருட்டைக் காட்டினாள்.

வெள்ளைச்சாமி ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டார். காருக்கு வெளியே கதவோரம் நீளமாக ஒரு படிப்பலகை இருக்கிறதே? சுருட்டும் தானும் அதில் நின்றுகொண்டு வருவதென்றும், உள்ளே சொர்ணவல்லி மட்டும் இருப்பதென்றும் முடிவாயிற்று. புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலேயே மெத்தென்ற கார் தன்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், அதன் மெத்தையில் உட்காராமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அறுபது மைல் தொங்கினார். பிடிவாதம் என்றால் அதுதான். தலையோடு முகத்தைச் சுற்றித் துண்டு கட்டி, நடுவில் சுருட்டுக்கு மட்டும் சந்து விட்டிருந்தார். அறந்தாங்கி வரைக்கும் செம்மண், பிறகு வெள்ளைப் புழுதி. இரண்டும் அவர்மேல் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன.

மணமேல்குடியில் சம்பந்தி வீட்டு வாசலில் கார் நின்றதும் தெருவே கூடியது. மூக்காயி ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தாள். கசங்காத பட்டுச் சேலையோடு சொர்ணவல்லி இறங்கினாள். மூக்காயி காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சம்பந்தி வரலையா மதினி?" என்றவள், படிப்பலகையிலிருந்து கால் மரத்துப்போய் இறங்கின உருவத்தைப் பார்த்து, "ஏப்பா கிளீனரு, நீயும் டிரைவரும் கொல்லப்பக்கமாப் போங்க. நீராகாரம் வச்சிருக்கு" என்றாள்.

வெள்ளைச்சாமி துண்டை அவிழ்க்கவும் தோன்றாமல் மனைவியைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொர்ணவல்லி உடனே சொல்லவில்லை. அந்தச் சின்ன நேரம் அவளுக்கு ரொம்ப இனித்தது, பொய் சொல்வானேன்.

"அவுகதான் மதினி எங்க வீட்டுக்காரவுக" என்றாள் கடைசியில். "கையில இருக்கறத அணைச்சுப்புட்டு வருவாக. பிள்ளத்தாச்சி இருக்குற வீடுல்ல."

மூக்காயி நாக்கைக் கடித்துக்கொண்டாள். தெரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. வெள்ளைச்சாமி சுருட்டைப் பார்த்தார். இன்னும் பாதி இருந்தது. நெஞ்சு நிறைய ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு மணலில் போட்டு மிதித்துவிட்டு, கிணற்றடியில் முகம் கழுவி, வெறும் வாயோடு உள்ளே போனார்.

உள்கட்டில் செவந்தி நிறைந்த வயிற்றோடு ஆத்தாளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அப்பா வந்து நின்றதும் நிமிர்ந்தாள். மேலும் கீழும் அவரைப் பார்த்துவிட்டு, சுருட்டில்லாத வாயில் கண்ணை நிறுத்தினாள். அழுகை சட்டென்று நின்றது.

"ஆத்தா, அப்பாவுக்கு என்னாத்தா செய்யுது? எங்கிட்ட ஏன் சொல்லல? வைத்தியர்கிட்டக் காட்டுனீகளா?" என்றாள்.